5150 வாங்கலாமா? கோலாலம்பூரிலிருந்து ஒரு கணக்கு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; அவசரக்காரர்கள் படித்துவிட்டுப் போகலாம். வாரந்தோறும் கூடி வாசிக்கும் மெட்டல் குழுவும், கிட்டார் ஆம்பை (ஒலிபெருக்கியை) பூட்டி வைக்க ஓர் அறையும் உங்களுக்கு இருந்தால், பழைய பீவி 5150 அல்லது அதே ஆம்பின் மறுபெயரான 6505 ஹெட்டை (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டியை) தேடி வாங்குங்கள். அடுக்குமாடி வீட்டில் தனியாக வாசிப்பவர் என்றால் வேண்டாம்; ஒரு மாடலரும் (ஆம்புகளின் ஒலியை மின்னணு முறையில் போலச்செய்யும் கருவி) நல்ல ஹெட்ஃபோனும் போதும். கல்யாண மண்டபத்திலும் கோவில் திருவிழாவிலும் திரைப்பாடல் வாசிக்கும் குழுவுக்கு, நான் இங்கே பேசப்போகும் வால்வு (வெற்றிடக்குழாய்) ஆம்ப் எதுவும் முதல் தேர்வாக இருக்க முடியாது.

செந்தூலில் மெட்டல் குழு நடத்தும் இளைஞர் ஒருவர் அண்மையில் கேட்டார்: "அண்ணே, எல்லாரும் 5150, 5150 என்கிறார்கள். என்னைவிட வயது கூடிய பெட்டி அது. அதற்குப் போய் இவ்வளவு பணமா?" நியாயமான கேள்விதான். கிட்டார் வாசிப்பவர்கள் பழைய பொருள்மேல் வைக்கும் பற்றில் பாதி வெறும் பக்தி. ஆனால் இந்த ஆம்பின்மேல் உள்ள பற்றுக்குத் தொட்டுக் காட்டக்கூடிய காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் சில நம் ஊருக்கு மிக நன்றாகப் பொருந்துகின்றன. சில கொஞ்சமும் பொருந்தவில்லை.

பீவி, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் மெரிடியன் என்ற ஊரில் ஹார்ட்லி பீவி 1965இல் தொடங்கிய நிறுவனம். தேவாலயங்களுக்கும் சிறு மேடைகளுக்கும் அடிதாங்கும் கருவிகளை நியாயமான விலையில் செய்து கொடுத்துப் பெயர் வாங்கியது. ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலனுக்காக ஜேம்ஸ் பிரவுன் என்ற பொறியாளர் அங்கே வடிவமைத்த 5150, 1992இல் சந்தைக்கு வந்தது. (பாடகர் ஜேம்ஸ் பிரவுனுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) அதற்கு முன் அந்தக் கனத்த, நீண்டு ஒலிக்கும் டிஸ்டார்ஷன் (வேண்டுமென்றே சிதைத்த கரகர ஒலி) வேண்டுமென்றால் மைக் சோல்டானோ 1987இல் வெளியிட்ட எஸ்எல்ஓ-100 போன்ற கைவேலை ஆம்புக்குப் போக வேண்டும், இளம் குழுக்களுக்கு அது எட்டாத விலை. 5150 அதே வழியில் வந்த சுற்றமைப்பு. ஆனால் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்யப்பட்டது, கையில் இருக்கும் காசுக்கு வாங்க முடிந்தது.

எடி வாசித்தது ஹார்ட் ராக். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்களோ மெட்டல்காரர்கள். மெஷின் ஹெட், இன் ஃப்ளேம்ஸ், ஆர்ச் எனிமி என்று 1990களிலும் அதற்குப் பிறகும் வந்த குழுக்களின் கிட்டார் ஒலி இந்த ஆம்பின் ஒலியாகவே காதில் பதிந்துபோனது. 2004இல் எடியும் பீவியும் பிரிந்தார்கள். பெயர் எடியோடு போனது. பீவி அதே ஆம்பை 6505 என்ற பெயரில் தொடர்ந்து விற்றது. 1965 முதல் 2005 வரையிலான நாற்பது ஆண்டுகளைக் குறிக்கும் எண் அது. இடையில் வந்த 5150 இரண்டாம் வடிவம் 6505 பிளஸ் ஆனது. எடி தன் இவிஎச் நிறுவனத்தின் பெயரில், ஃபெண்டரோடு சேர்ந்து, 2007இல் 5150 மூன்றாம் வடிவத்தை வெளியிட்டார். ஆகவே பழைய பொருள் சந்தையில் 5150, 6505, இவிஎச் என்ற மூன்று பெயர்களைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். முதல் இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை, மூன்றாவது பங்காளி. முகப்பில் எடியின் கையெழுத்து இருக்கிறதா, வெறும் கட்டை எழுத்தில் 5150 என்று இருக்கிறதா என்று பார்த்து விலையை ஏற்றும் விற்பனையாளர்களும் உண்டு. அந்த வேறுபாட்டுக்கு நான் ஒரு ரிங்கிட்கூடக் கூடுதலாகக் கொடுக்கமாட்டேன்.

இதன் ஒலி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் மற்ற ஆம்புகளோடு ஒப்பிட முடியும். கிட்டாரிலிருந்து வரும் சிறிய சைகை 12ஏஎக்ஸ்7 என்ற சிறு வால்வுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கிறது. ஒவ்வொரு கட்டமும் அதைப் பெருக்கி அடுத்ததன்மேல் கொட்டுகிறது. அடுத்தது தாங்க முடியாமல் அலையின் முனையை வெட்டுகிறது. முதல் 5150இல் இப்படி ஐந்து வால்வுகள், இரண்டாம் வடிவத்தில் ஆறு. நடுவில் ஒரு கட்டத்தை வேண்டுமென்றே மிகக் குறைந்த மின்னோட்டத்தில் ஓடவிட்டிருப்பார்கள். அது அலையின் ஒரு பக்கத்தை மட்டும் கடுமையாக வெட்டும். உள்ளங்கையால் தந்தியை அழுத்தி அடிக்கும்போது வரும் அந்த இறுக்கமான உறுமலுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. கடைசியில் நான்கு 6எல்6 வால்வுகள் 120 வாட் கொடுக்கின்றன. டிஸ்டார்ஷன் பெரும்பாலும் இந்தச் சிறு வால்வுகள் உள்ள முன்கட்டத்திலேயே உண்டாகிவிடுவதால், ஒலியளவைக் குறைத்தாலும் குணம் பெரிதாக மாறுவதில்லை.

மார்ஷல் ஜேசிஎம்800 நேர் எதிர். 1981இல் அந்தப் பெயரில் வந்த 2203, 2204 ஆகிய இரண்டும்தான் இந்த வகை ஆம்புகளுக்குத் தாத்தா. ஒன்று 100 வாட், மற்றது 50 வாட், இரண்டிலும் இஎல்34 வால்வுகள். ஆனால் இன்றைய அளவுகோலில் அவற்றின் கெயின் (சைகையைப் பெருக்கும் அளவு) நடுத்தரம்தான். கடைசிக் கட்ட வால்வுகளும் திணறும் அளவுக்குத் திருகினால்தான் அந்த ஆம்ப் வாயைத் திறக்கும். அந்த அளவை நம் ஊரில் எங்கே வைத்துத் திருகுவது? ரோக் காப்பாக் என்ற மலாய் ராக் இசையைக் கேட்டு வளர்ந்த என் தலைமுறைத் தமிழர்களுக்கு ராக் என்றாலே மார்ஷல் முகப்புதான் கண்ணில் வரும். எனக்கும் அப்படித்தான். இருந்தும், செந்தூல் தம்பி வாசிக்கும் இசைக்கு அதை வாங்கினால் டிஸ்டார்ஷனைக் கூட்ட முன்னால் ஒரு பெடலும் வாங்க வேண்டும், பிறகு அண்டைவீட்டாரிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும். மார்ஷல் 2019இல் அதையே 20 வாட்டாகச் சுருக்கி வெளியிட்ட எஸ்சி20எச் என்ற சிறிய ஹெட் அருமையான பொருள். 1980களின் ராக் வாசிப்பவர் என்றால் 5150ஐ மறந்துவிட்டு நேராக அதைப் பார்க்கலாம்.

மெசா பூகியின் டூயல் ரெக்டிஃபையர் கலிஃபோர்னியாவிலிருந்து ராண்டல் ஸ்மித் கொடுத்தது. 5150 வந்த அதே காலம், அதே நான்கு 6எல்6, ஏறக்குறைய அதே வாட். மாறுதிசை மின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றும் வேலைக்கு வால்வையோ சிலிக்கான் டையோடையோ ஒரு சுவிட்சில் தேர்ந்தெடுக்கலாம். பெயரும் அதிலிருந்தே வந்தது. வால்வில் ஓடினால் ஒலி சற்றே தொய்ந்து இசையும், டையோடில் விறைப்பாக நிற்கும். இதன் கீழ்ஸ்தாயி மிகப் பெரியது. தனியாக வாசிக்கும்போது கேட்க ஆனந்தம். குழுவோடு வாசிக்கும்போது அந்தக் கீழ்ஸ்தாயி பேஸ் கிட்டாரின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். முன்னால் ஒரு பச்சை டியூப் ஸ்க்ரீமர் வைத்துத்தான் அதை இறுக்க வேண்டும். 5150க்கும் பலர் அந்தப் பெடலை வைக்கிறார்கள் என்றாலும் அது இல்லாமலும் அந்த ஆம்ப் நிற்கும். மெசாவின் பிற்கால மூன்று சேனல் வடிவங்களில் தூய ஒலியும் நன்றாக இருக்கும். அந்த ஒரு விஷயத்தில் 5150 அதன் பக்கத்தில்கூட வர முடியாது. ஆனால் திருகும் பொத்தான்களும் சுவிட்சுகளும் ஏராளம். ஜாமிங் ஸ்டூடியோவில் மணிக்கு இவ்வளவு என்று வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது பத்து நிமிடம் திருகிக்கொண்டிருக்க யாருக்கு மனம் வரும்? 5150இல் எல்லாத் திருகிகளையும் நடுவில் வைத்துவிட்டு, கெயினைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கினால், பெரும்பாலான அறைகளில் உடனே வாசிக்கலாம். எந்த அறையில், யார் கையில் கொடுத்தாலும் மோசமாக ஒலிக்க மறுக்கும் இந்தக் குணம்தான் அதன்மேல் உள்ள பற்றுக்கு முதல் காரணம் என்பது என் கட்சி.

இனி நம் ஊர்க் கணக்கு. பலரும் ஒலியை மட்டும் கேட்டு முடிவெடுக்கிறார்கள். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ சுவர், மின்சாரம், பழுதுபார்ப்பவர் ஆகிய மூன்றும் பாதி முடிவை எடுத்துவிடுகின்றன.

சுவரிலிருந்து தொடங்கலாம். 120 வாட்டைப் பார்த்துப் பயந்து 15 வாட் ஆம்ப் வாங்கிவிட்டால் வீட்டில் வாசிக்கலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். 120க்கும் 15க்கும் எட்டு மடங்கு வேறுபாடு இருந்தாலும் டெசிபலில் அது ஒன்பதுதான். காது அதை ஏறக்குறைய பாதியாக மட்டுமே உணரும். செலஸ்டியன் வின்டேஜ் 30 போன்ற ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல். ஒரு வாட்டே அவ்வளவு! பிரிக்பீல்ட்ஸ் கொண்டோவில் பதினைந்தாவது மாடியில் இருப்பவருக்கு 15 வாட்டும் ஒன்றுதான், 120 வாட்டும் ஒன்றுதான். நிர்வாகத்திலிருந்து கடிதம் வரும். பினாங்கு ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் இரு வீட்டுக்கும் ஒரே சுவர் என்பதால் நிலைமை அதைவிட மோசம். இவிஎச் 15 வாட் ஹெட்டில் கால் பங்காகக் குறைக்கும் சுவிட்ச் இருக்கிறது. பீவி 6505 எம்எச் 20 வாட்டிலிருந்து 5க்கும் 1க்கும் இறங்கும், கணினிக்கு நேரடியாகவும் இணைக்கலாம். இரண்டிலும் கடைசிக் கட்டத்தில் இஎல்84 வால்வுகள். வால்வு ஆம்ப்தான் வேண்டும், தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வரிசை வீடு, பகலில் மட்டும் வாசிப்பேன் என்பவருக்கு இவ்விரண்டில் ஒன்று சரியாக இருக்கும். எனக்கு எம்எச் பிடிக்கும். பெரிய 6505இன் கீழ்ஸ்தாயி அதில் முழுதாக இல்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் கீழ்ஸ்தாயி இருந்தால் வரிசை வீட்டில் உங்களுக்கே இடைஞ்சல்.

மின்சாரத்தில் கவனம் வேண்டும். நம் சுவரில் வருவது 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் விற்கப்பட்ட ஆம்ப் 120 வோல்ட்டுக்கும், ஜப்பானில் விற்கப்பட்டது 100 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டிருக்கும். ஜப்பானிலிருந்து வரும் பழைய ஆம்புகள் பளபளவென்று சுத்தமாக இருப்பதைப் பார்த்து மயங்கி, பின்பக்கம் எழுதியிருப்பதைப் படிக்காமல் நேராகச் செருகிவிட்டால் ஃபியூஸ் மட்டும் போனால் அது நல்வாய்ப்பு, டிரான்ஸ்ஃபார்மரே போகலாம். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால், ஆம்பின் பின்பக்கம் குறித்திருக்கும் மின்நுகர்வைப் பார்த்து அதைவிடத் தாராளமான அளவில் வாங்குங்கள். ஒலி 120 வாட் என்பதற்காக 150 வாட் டிரான்ஸ்ஃபார்மர் போதும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். வால்வுகளைச் சூடாக்கவே நிறையச் செலவாகும். அது ஐந்தாறு கிலோ கூடுதல் சுமை வேறு. அதனால் ஆரம்பத்திலிருந்தே 240 வோல்ட்டுக்கு விற்கப்பட்ட ஆம்புக்குச் சற்று அதிகம் கொடுப்பது லாபம்.

பிறகு இடி. கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்தால் வாசிப்பை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஈரப்பதமும் சும்மா விடாது. பூட்டிய அறையில் சில மாதம் கிடந்தாலே மேலுறையில் பூஞ்சை படரும், திருகிகள் கரகரக்கும், வால்வு செருகும் சாக்கெட்டுகளில் களிம்பு ஏறும். வாரத்துக்கு ஒருமுறை வாசிப்பதே சிறந்த பராமரிப்பு. வால்வுகளின் சூடே ஈரத்தை விரட்டிவிடும். குளிரூட்டி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த ஆம்பை உடனே முடுக்காமல் நீர்த்துளி காயும்வரை காத்திருப்பது நல்லது.

பழுதுபார்ப்பவர் விஷயத்தில்தான் 5150 மற்றவற்றைத் தாண்டி நிற்கிறது. ஃபியூஸ், கெப்பாசிட்டர், மின்தடை எல்லாம் புடுவில் ஜாலான் பாசாரில் கிடைக்கும். ஆனால் வால்வு ஆம்பைத் திறந்து வேலை செய்யத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அணைத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் நானூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம், அது ஆளைக் கொல்லும். காணொளி பார்த்துக் கற்றுக்கொள்ளும் வேலை அன்று. மெசாவின் பலகையில் பொருள்கள் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும், வேலைக்கு நேரம் பிடிக்கும். மார்ஷலில் கடைசி வால்வுகளை மாற்றும் ஒவ்வொரு முறையும் அவற்றின் மின்னோட்டத்தை அளந்து சரிசெய்ய ஆள் வேண்டும். பழைய 5150இல் அதைச் சரிசெய்யும் திருகியே கிடையாது. தொழிற்சாலையில் வேண்டுமென்றே குறைவாக வைத்து அனுப்பிவிட்டார்கள். வல்லுநர்கள் பலர் இதை அந்த ஆம்பின் பெரிய குறை என்பார்கள், ஒலி வறண்டுவிடுகிறதாம். ஒரு திருகி பொருத்திக்கொள்ளச் சொல்வார்கள். நான் அதற்கு எதிர்க்கட்சி. பொருத்தம் பார்த்து விற்கும் நான்கு 6எல்6 வாங்கி, ஆம்ப் ஆறிய பிறகு செருகிவிட்டு, அன்று மாலையே வாசிக்கலாம். குறைந்த மின்னோட்டத்தில் ஓடுவதால் வால்வுகளும் நீண்டநாள் உழைக்கும். இது இங்கே சிறிய விஷயம் அன்று: 2022 மார்ச்சில் ரஷ்யா வால்வு ஏற்றுமதியை நிறுத்தியதாகச் செய்தி வந்தபோது உலகெங்கும் விலை எகிறியது, நம் கடைகளில் அலமாரி காலியானது. இன்று கிட்டார் ஆம்ப் வால்வுகள் பெரும்பாலும் ரஷ்யா, சுலோவாக்கியா, சீனா ஆகிய மூன்று நாடுகளிலிருந்துதான் வருகின்றன. வால்வைக் குறைவாகத் தின்னும் ஆம்புக்கு மதிப்பு உண்டு.

சுமையையும் சொல்ல வேண்டும். ஹெட் இருபது கிலோவுக்கு மேல். நான்கு ஸ்பீக்கர் கேபினெட் முப்பத்தைந்து கிலோவைத் தாண்டும். இரண்டையும் மைவி காரில் ஏற்றினால் டிரம் வாசிப்பவர் எல்ஆர்டியில்தான் வர வேண்டும். ஹெட்டை மட்டும் கொண்டுபோய், அரங்கில் இருக்கும் கேபினெட்டில் இணைப்பதே புத்திசாலித்தனம்; பின்பக்கம் 4, 8, 16 ஓம் சுவிட்சைச் சரியாக வைத்துவிட்டு, ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் முடுக்கக் கூடாது.

மாடலரை நான் இகழமாட்டேன். 2011இல் கெம்பர் புரொஃபைலர் வந்த பிறகு ஓர் ஆம்பின் ஒலியைப் படம் பிடிப்பதுபோல் பிடித்து வைத்துக்கொள்ளும் காலம் தொடங்கியது. இன்று இலவச மென்பொருளிலேயே 5150இன் பிடிப்புகள் குவிந்து கிடக்கின்றன. ஒலிப்பதிவில் கேட்டு அசலையும் பிடிப்பையும் பிரித்துச் சொல்வது எனக்கு முடியாது. முடியும் என்பவர்களிடம் கண்ணைக் கட்டிக் கேட்கவைக்க ஆசை. மேடையில்கூட, ஒலிப்பொறியாளர் ஸ்பீக்கர் முன்னால் ஒரு மைக் வைத்து அதைத்தான் கூட்டத்துக்குக் கொடுக்கிறார். இரவு பதினொரு மணிக்குக் கொண்டோவில் ஹெட்ஃபோன் போட்டு வாசிக்கும் சுகம் எந்த வால்வு ஆம்பிலும் கிடையாது. வேறுபாடு தெரிவது ஒத்திகை அறையில். டிரம் முழு வேகத்தில் ஓடும்போது, பின்னாலிருந்து காற்று கால்சட்டையில் அடிக்க, கிட்டாரைச் சற்றே திருப்பினால் சுரம் தானாக நீண்டு பாடும். கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே நடக்கும் அந்தப் பேச்சை ஹெட்ஃபோன் தராது. அதற்காகத்தான் இன்னும் ஆட்கள் இருபது கிலோவைப் படியேற்றுகிறார்கள்.

திரைப்பாடல் குழுக்களைப் பற்றிச் சொன்னதை விளக்கிவிடுகிறேன். பழைய 5150இல் இரண்டு சேனலுக்கும் ஒரே ஈக்யூ (கீழ், நடு, மேல் ஸ்தாயிகளைக் கூட்டிக் குறைக்கும் திருகிகள்). ரிதம் சேனலைத் தூயதாக்க முயன்றால் ஒலி மெலிந்து தட்டையாகிவிடும். ஒரு கல்யாண வரவேற்பில் ஐந்து பாட்டுக்கு ஒரு பாட்டில்தான் டிஸ்டார்ஷன் வரும், அதுவும் எட்டு அட்சரத்துக்கு. பினாங்கின் ஆறுமுகம் சகோதரர்கள், டேவிட்டும் லோகநாதனும், அலிகேட்ஸ் (Alleycats) குழுவில் பாடி நாடெங்கும் புகழ் பெற்ற அந்த வகை இசைக்கும் கிட்டார் சுத்தமாக மினுங்க வேண்டும். பாஸ் கட்டானா போன்ற டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்றும் இரண்டு பெடலும் எடுத்துக்கொண்டு போனால் வேலை முடிந்தது, தோளும் தப்பியது.

செந்தூல் தம்பிக்கு மெட்டல் குழு இருக்கிறது, கடைவீட்டு மாடியில் பூட்டுப் போட்ட அறை இருக்கிறது, பக்கத்தில் சூராவ் (சிறு தொழுகைக்கூடம்) என்பதால் பாங்கு ஒலிக்கும்போது நிறுத்தும் பழக்கமும் இருக்கிறது. அவருக்கு நான் சொன்னது 240 வோல்ட் 6505 அல்லது 5150 ஹெட், பழையது. 6505 பிளஸ் கிடைத்தால் அதையும் பார்க்கலாம். அதில் ஒவ்வொரு சேனலுக்கும் தனி ஈக்யூ. பார்க்கப் போகும்போது ஆம்ப் குளிர்ந்த நிலையில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சில கோளாறுகள் குளிரில் மட்டும் தெரியும், சில சூடேறி அரை மணி ஆன பிறகே தலைகாட்டும். இரண்டு சேனலையும் வாசிக்க வேண்டும். கிட்டார் செருகும் துளையை லேசாக அசைத்துக் கரகரப்பு வருகிறதா என்று கேட்க வேண்டும்; உள்ளே பலகையில் பற்றவைப்பு விரிசல் விடுவது இந்த ஆம்பின் வழக்கமான நோய், சரிசெய்வது எளிது, விலையைக் குறைத்துக் கேட்க நல்ல காரணமும்கூட. சிறு வால்வுகளைப் பென்சிலால் தட்டினால் மணிபோல் ஒலிப்பதை மாற்ற வேண்டியிருக்கும். கால்சுவிட்ச் கூடவே வருகிறதா என்று கேட்க மறக்கக் கூடாது, தனியாகத் தேடினால் அலைச்சல். வடிகட்டும் பெரிய கெப்பாசிட்டர்கள் எப்போது மாற்றப்பட்டன என்பதற்கு விற்பவரிடம் பதில் இல்லையென்றால், அந்தச் செலவையும் விலையிலிருந்து கழித்துக்கொண்டு பேச வேண்டும்.